டி டிரைவில் ஒரு கேள்விக்குறி

அத்தியாயம் 6

மணி ஒன்று நாற்பது.

நான்கு மணிக்குப் பாண்டிசெல்வியை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். ரிமாண்ட் ஆகிவிட்டால் பதினைந்து நாள் ஜெயில். அதற்குப் பிறகு அவள் நிரபராதி என்று தெரிந்தாலும் ஊர் வாய் அடங்காது.

"நம்ம கையில ரெண்டு மணி இருபது நிமிஷம் இருக்குக்கா," என்றான் ஆல்வின், ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனி வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டபடி. "திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போக அரை மணி. முடங்கியார் ரோடு முக்குல லாரிக்காரன் குறுக்க நின்னா முக்கால் மணி. மிச்ச நேரத்துல கேஸை முடிக்கணும். மதியச் சாப்பாடு கணக்குலயே வரல."

"காலையில நாலு புரோட்டா தின்னியேலே."

"அது நேத்து ராத்திரி விட்டுப்போனது. இன்னைக்குள்ளதை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

மற்ற நாளாக இருந்தால் சத்யப்பிரியா சிரித்திருப்பாள். பத்து வருடம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டு, பிறகு வேலையை உதறிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்புதான். இது அப்படியில்லை. மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அதில் ஒருத்தி பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகாதவள்.

ஆபரேஷன் புண்ணில் வைக்கிற பஞ்சுத் துணியை இந்தக் கம்பெனியில்தான் மடித்து, பாக்கெட் போட்டு, ஸ்டெரிலைசர் என்கிற பெரிய இரும்பு டிரம்முக்குள் வைத்து நீராவியில் வேகவைத்து அனுப்புகிறார்கள். முப்பது நிமிடம் வெந்தால்தான் கிருமி சாகும். பேட்ச் 218 சரியாக வேகாமலேயே வெளியே போய், மூன்று பேருக்கும் புண் சீழ் பிடித்துவிட்டது. அந்த டிரம்மை இயக்குகிறவள் பாண்டிசெல்வி. வேகாத சரக்கை அவள்தான் அனுப்பினாள், அது தெரியாமல் இருக்கக் கம்ப்யூட்டரில் புரோகிராமையும் அவளே அழித்துவிட்டாள் என்று முதலாளி ஐயாதுரை போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார்.

பாண்டிசெல்வி சொல்வது வேறு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் 218 வெந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. பேட்ச் தேறவில்லை. பூஜை முடிந்து மறுபடி வேகவைக்க வேண்டும் என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு ஐந்தரைக்கு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எது உண்மை என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். அதுவோ விஜயதசமியிலிருந்து வாயைத் திறக்க மறுக்கிறது.

பாண்டிசெல்வியின் புருஷன் வேல்சாமி மினி பஸ் டிரைவர். அதே பஸ்ஸில் ஆறு வருடம் கண்டக்டராக இருந்தவன் ஆல்வின். கேஸ் அந்த வழியாகத்தான் சத்யப்பிரியாவிடம் வந்தது.

*

ஸ்டெரிலைசர் ரூமுக்குள் அவர்களை அழைத்துப் போனவள் செல்வலட்சுமி. கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பானவள். நாற்பத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. பாண்டிசெல்வியை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"அவ பாவம் மேடம். எப்படியாவது காப்பாத்தி விட்டுருங்க," என்றாள். "மொதலாளிகிட்ட கெஞ்சி அரை மணி நேரம் வாங்கியிருக்கேன். ஆனா கம்ப்யூட்டரை நம்பி வந்தீங்கன்னா வீண் அலைச்சல். அது செத்துப்போச்சு. பார்மட் பண்ணச் சொல்லியாச்சு."

சத்யப்பிரியா நடையை எட்டிப் போட்டாள்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் சர்வீஸ்காரர் இம்மானுவேல் உட்கார்ந்து ஒரு பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தார். மானிட்டர் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கீபோர்டின் இடுக்கில் குங்குமம்.

"சார், கையை எடுங்க," என்றாள் சத்யப்பிரியா.

இம்மானுவேல் திரும்பிப் பார்த்தார். "பார்மட் பண்ணினா சரியாயிரும் மேடம்."

"எது சரியாகும்?"

"கம்ப்யூட்டர்."

"உள்ள இருக்கது?"

"உள்ள இருக்கது போயிரும்."

"அண்ணே," என்றான் ஆல்வின், "பஸ்ஸைக் கழுவணும்னா பேசஞ்சரை இறக்கி விட்டுட்டுல்லா கழுவணும்?"

இம்மானுவேல் நல்ல மனிதர். சேத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு வரைக்கும் தெரிந்தவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் அவர் சொல்கிற ஒரே வைத்தியம் பார்மட். அது பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். அவர் சங்கடத்தோடு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மொதல்ல டி டிரைவ் முழுசையும் இந்த டிஸ்க்ல காப்பி போடுங்க," என்று சத்யப்பிரியா தன் பையிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். "அது முடியிறவரை யாரும் எதையும் அழிக்கக்கூடாது. ஆல்வின், நீ போன்ல வீடியோ எடு. நான் தொடுறதுல இருந்து எல்லாம் அதுல வரணும்."

காப்பி ஓட ஆரம்பித்தது. பதினான்கு நிமிடம் என்று காட்டியது. பாண்டிசெல்வியின் நேரத்திலிருந்து பதினான்கு நிமிடம்.

"பார்மட் யார் பண்ணச் சொன்னா சார்?"

"லட்சுமி மேடம்தான். இன்னைக்கே முடிக்கணும்னாங்க."

"நாளைக்கு இன்ஸ்பெக்சனுக்கு வாராங்க," என்றாள் செல்வலட்சுமி அவசரமாக. "மிசின் ஓடணும்ல. எப்படியும் பார்மட் பண்ணித்தான் ஆகணும்."

சத்யப்பிரியா தலையாட்டினாள். "சரி இம்மானுவேல் சார். விஜயதசமி அன்னைக்கு நீங்க வந்து என்ன பாத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"டெஸ்க்டாப்ல இருக்க ஐகானைக் கிளிக் பண்ணினா STERI.EXE-யைக் காணலைன்னு வந்துச்சு. டி டிரைவைத் தொறந்து பாத்தேன். STERI-ன்னு ஃபோல்டரே இல்ல. SALES இருக்கு, TAX இருக்கு, நடுவுல இருக்க வேண்டியது இல்ல. யாரோ அழிச்சிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"அதோட விட்டுட்டீங்களா?"

"ச்சே. அந்த exe பேரைப் போட்டுத் தேடினேன். கெடைச்சது. கிளிக் பண்ணினேன். பொறவு கரப்ட்னு வந்திருச்சு."

"இருங்க. மொதல்ல அழிச்சிட்டாங்கன்னு சொன்னீங்க. பொறவு கெடைச்சதுங்கிறீங்க."

இம்மானுவேல் தலையைச் சொறிந்தார். "வைரஸ்னா இப்படித்தான் மேடம். இருக்கும், இருக்காது."

"எங்க மாமா மாதிரி," என்றான் ஆல்வின். "ரேஷன் கார்டுல இருப்பாரு, வீட்ல இருக்க மாட்டாரு."

காப்பி முடிந்தது. சத்யப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேடும் பெட்டியில் STERI.EXE என்று அடித்தாள். ஒன்று அகப்பட்டது. இரண்டு தட்டு தட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி துள்ளி வந்தது. அதில் 'ஃபைல் காணவில்லை அல்லது கெட்டுவிட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே ஃபைல் இருக்கும் இடம்:

D:\? STERI\STERI.DAT

சத்யப்பிரியா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"என்னக்கா, கம்ப்யூட்டரு நம்மகிட்டயே கேள்வி கேக்குது?" என்றான் ஆல்வின்.

"கேக்கட்டும். நீ ஒரு காரியம் பண்ணு. போனை அண்ணன்கிட்ட குடு. டெஸ்க்டாப்ல புதுசா ஒரு ஃபோல்டர் போடு. அதுக்குப் பேர் வைக்கும்போது ஒரு கேள்விக்குறி சேர்த்து வை."

ஆல்வின் அடித்தான். கம்ப்யூட்டர் உடனே ஒரு சின்ன மஞ்சள் கட்டத்தைக் காட்டியது. மறுபடியும் அடித்தான். மறுபடியும் அதே கட்டம்.

"வாங்க மாட்டேங்குது. ஃபோல்டர் பேர்ல கேள்விக்குறி வைக்கவே கூடாதாம்."

"அப்போ இங்க மட்டும் எப்படி வந்துச்சு?"

இம்மானுவேல் போனைப் பிடித்த கையோடு குனிந்து திரையைப் பார்த்தார். அவர் வாய் லேசாகத் திறந்தது. இந்த வரியைப் பன்னிரண்டு நாளைக்கு முன்பே பார்த்தவர் அவர். பார்த்தது கரப்ட் என்ற வார்த்தையை மட்டும்.

"இந்த புரோகிராம் எப்போ வாங்கினது?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"மிசினோட வந்தது. இருபது வருசம் இருக்கும்," என்றாள் செல்வலட்சுமி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்தக் காலத்து புரோகிராமுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். தெரியாத எழுத்து எது வந்தாலும் அதுக்குப் பதிலா ஒரு கேள்விக்குறி போட்டுக்கும். ஃபோல்டர் அழியல. புரோகிராம் கெடல. யாரோ ஃபோல்டர் பேருக்கு முன்னால வேற பாஷை எழுத்து ஒண்ணை வச்சிருக்காங்க. அதனால ஐகானுக்குப் பழைய விலாசத்துல வீட்டைக் காணோம். தேடிப் போய் நேரா கதவைத் தட்டினா, புரோகிராமுக்குத் தன் விலாசத்தையே படிக்கத் தெரியல."

"ராஜபாளையத்துல வேற பாஷைன்னா..." என்று இழுத்தான் ஆல்வின்.

"டி டிரைவைத் தொற. S-ல தேடாத. கடைசிக்குப் போ. Z-யும் தாண்டி."

ஆல்வின் மவுஸின் சக்கரத்தை உருட்டினான். SALES போனது. TAX போனது. XEROX போனது. பட்டியலின் கடைசிக் கடைசியில், யாரும் எட்டிப் பார்க்காத அடி வரியில், அது உட்கார்ந்திருந்தது.

உ STERI

 அந்த எழுத்து என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும் தலையில் அதைப் போடாமல் பேனாவை நகர்த்தாத ஊர் அது.

"பிள்ளையார் சுழி!" என்றார் இம்மானுவேல். "நான் ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போறவன் மேடம். எனக்கு இது தோணவே இல்ல."

"நானும் சர்ச்சுதாண்ணே," என்றான் ஆல்வின். "ஆனா பரீட்சை பேப்பர்ல மட்டும் போட்டுருவேன். பெயிலானா பங்கு போட்டுக்க ஒரு ஆள் வேணும்ல."

சத்யப்பிரியாவின் கண் அறையைச் சுற்றியது. ஸ்டெரிலைசர் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. எடுத்துப் பிரித்தாள். பேட்ச் நம்பர், நேரம், அவ்வளவுதான். தேறியதா தேறவில்லையா என்று நோட்டில் யாரும் எழுதுவதில்லை. அது கம்ப்யூட்டரின் வேலை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நீல மையில், வால் நீட்டி, அழகாக ஒரு உ.

"இது யார் கையெழுத்து?"

செல்வலட்சுமி பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"அவதான். பாண்டிசெல்வி."

முதலாளி ஐயாதுரை வாசலில் நின்றார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, முகத்தில் நான்கு நாள் தாடி. "அவளேதான் மறைச்சு வச்சிருக்கா. நான் சொன்னப்ப ஒரு பயலும் நம்பல. இப்ப நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்திட்டீங்க. ரொம்ப சந்தோசம்."

 காப்பாற்ற வந்த இடத்தில், தன் கையாலேயே கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டோமோ என்று சத்யப்பிரியா பயந்தாள். வீடியோ வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

"வேல்சாமிக்குப் போன் போடு," என்றாள்.

*

வேல்சாமி கோர்ட் வளாகத்தில்தான் இருந்தான். பாண்டிசெல்விக்குக் காவலாக வந்த பெண் போலீஸ் நல்ல மனசுக்காரி. இரண்டு நிமிடம்தான் என்று சொல்லிப் பேச விட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் பாண்டிசெல்வியின் குரல் வந்தது.

"அக்கா... ஏதும் கெடைச்சுதாக்கா?"

"பாண்டிசெல்வி, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கம்ப்யூட்டர்ல எதையும் தொடலன்னு போலீஸ்ல சொன்னியா?"

"சத்தியமா தொடலக்கா."

"புரோகிராம் ஃபோல்டர்ல பிள்ளையார் சுழி யார் போட்டா?"

"நாந்தான்க்கா." கொஞ்சமும் தயங்கவில்லை. "விஜயதசமிக்குக் காலையில வந்து புது நோட்டுல போட்டேன். கம்ப்யூட்டருக்கும் போட்டுருவோமேன்னு போட்டேன். போன தடவ கரண்டு போயி பேட்ச் கெட்டுச்சுல்லா, இனிமேயாவது நல்லா ஓடட்டும்னுதான்."

"அப்போ தொடலன்னு ஏன் சொன்ன?"

"சுழி போடுறது தொடுறதாக்கா?"

 அந்தக் கேள்வியில் பொய் சொல்கிறவளின் குரல் இல்லை. அது ஐயாதுரைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"அதுக்குப் பொறவு தொறக்கலையே, உனக்குச் சந்தேகம் வரலையா?"

"இம்மானுவேல் அண்ணன் வைரசுன்னு சொன்னாவ. அவியளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

இம்மானுவேல் தரையைப் பார்த்தார்.

போன் வைக்கப்பட்டது. மணி இரண்டு முப்பத்தைந்து.

"சரி," என்றார் ஐயாதுரை. "தெரியாமப் பண்ணிட்டான்னே வச்சுக்குவோம். 218 என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க. அது வெந்துச்சா வேகலையா?"

"அதான மேடம், 218-ஐப் பாருங்க," என்றார் இம்மானுவேல்.

செல்வலட்சுமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சத்யப்பிரியா ஃபோல்டரின் பெயரில் போய் நின்றாள். அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தபோது அவளுக்கே ஒரு நொடி கை கூசியது. கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக உ-வையும் பக்கத்தில் இருந்த இடைவெளியையும் எடுத்தாள். டெஸ்க்டாப்புக்கு வந்து ஐகானைத் தட்டினாள்.

புரோகிராம் திறந்தது. பன்னிரண்டு நாளாகச் செத்துக் கிடந்ததாகச் சொல்லப்பட்டது, ஒரு தட்டில் எழுந்து உட்கார்ந்தது.

பேட்ச் 218. தொடங்கிய நேரம் மாலை மூன்று இருபது. ஓடியது பதினொரு நிமிடம். மின்தடை. முடிவு: ஃபெயில். ஆபரேட்டர்: பாண்டிசெல்வி.

ஐயாதுரை கைகளை விரித்தார். "போதுமா? பதினோரு நிமிசம். பெயில். பேரும் போட்டிருக்கு. இதை வச்சுக்கிட்டுத்தான் அனுப்பியிருக்கா."

"அண்ணாச்சி, இன்னும் ஒரு வரி இருக்கு," என்றான் ஆல்வின். இந்தத் தடவை அவன் குரலில் கிண்டல் இல்லை.

சத்யப்பிரியா திரையைக் கீழே நகர்த்தினாள்.

ரிலீஸ்: அதே நாள், மாலை ஆறு பன்னிரண்டு. அனுமதி: QA.

"அஞ்சரைக்குப் பாண்டிசெல்வி கைரேகை வச்சு வெளியே போயிட்டா. அது உங்க வருகைப் பதிவுலயே இருக்கு," என்றாள் சத்யப்பிரியா. "தேறாத பேட்ச்சை ஆபரேட்டரால ரிலீஸ் பண்ண முடியாது. அதுக்கு QA, அதாவது தரக்கட்டுப்பாட்டோட தனி பாஸ்வேர்டு வேணும். அது இந்தக் கம்பெனியில ஒருத்தர்கிட்டத்தான் இருக்கு."

அவள் திரும்பினாள்.

"லட்சுமி மேடம். நாங்க வந்ததுல இருந்து நீங்க ரெண்டு தடவ பார்மட்டைப் பத்திப் பேசிட்டீங்க. இங்க இருக்க எல்லாரும் 218 என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. நீங்க ஒரு தடவகூடக் கேக்கல. கேக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல."

செல்வலட்சுமியின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"லாரி வாசல்ல நின்னுச்சு," என்றாள். "மறுநாள் பூசை. லாரியையும் கழுவிப் பொட்டு வச்சு நிறுத்திருவாங்க, ரெண்டு நாளைக்கு அசையாது. 218 இல்லாம லோடு நிறையல. மொதலாளி போன்ல, என்ன ஆனாலும் இன்னைக்கு லோடு போயாகணும்னாரு."

"நான் லோடு போகணும்னுதான் சொன்னேன்!" ஐயாதுரையின் குரல் உடைந்தது. "வேகாததை அனுப்புன்னா சொன்னேன்? கம்ப்யூட்டரை பார்மட் பண்ணுன்னுகூட நான் சொல்லலயே?"

"நீங்க கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. ஒரு பட்டன்தான். பதினோரு நிமிசம் வெந்திருக்கே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். விஜயதசமிக்கு வந்து அந்த வரியை மாத்திடலாம்னு பாத்தேன். புரோகிராம் தொறக்கல." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தினமும் தொறந்து பாத்தேன். ஒரு நாளும் தொறக்கல."

ஆல்வின் மெல்ல விசில் அடிக்கப் போய், நிறுத்திக்கொண்டான். பாண்டிசெல்வியை மாட்டிவிட்ட அதே சுழி, பன்னிரண்டு நாளாக அவளுக்கான சாட்சியை யாரும் தொடவிடாமல் காத்திருக்கிறது. இதற்கு என்ன ஜோக் அடிப்பது என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"அவ உள்ள போகப்போறான்னு தெரிஞ்சும் எப்படிம்மா பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள் சத்யப்பிரியா. அவளுக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவும் இல்லை.

"ஜாமீன் எடுத்துரலாம்னு நெனச்சேன். வக்கீலுக்கு நானே ஏற்பாடு பண்ணிட்டிருந்தேன்."

சத்யப்பிரியா திரையைப் பார்த்தாள். ரிலீஸ் வரிக்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. 218 எங்கெங்கே போனது என்ற விவரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாற்பது பெட்டி. சங்கரன்கோவிலுக்குப் பன்னிரண்டு.

"சங்கரன்கோவிலுக்குமா போச்சு?" என்றாள் அவள்.

செல்வலட்சுமி நிமிர்ந்தாள்.  "எனக்குத் தெரியாது. ஏத்தினது கீழே உள்ளவங்க. புரோகிராம் தொறக்காம எந்தப் பெட்டி எங்க போச்சுன்னு யாருக்குமே..." முடிக்கவில்லை. மேஜை மேலிருந்த போனைத் தானே எடுத்தாள். நம்பர் அழுத்தும்போது இரண்டு தடவை தப்பாகப் போனது.

ஸ்பீக்கரில் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி நர்ஸின் குரல் கேட்டது. செல்வலட்சுமி பேட்ச் நம்பரைச் சொன்னாள். பன்னிரண்டு பெட்டியையும் பிரிக்க வேண்டாம் என்றாள்.

"ரெண்டு பெட்டி காலையில பிரிச்சு வச்சாச்சே. நாலரைக்கு ஒரு சிசேரியன் இருக்கு. யாரு பேசுறது?"

"வேண்டாம்மா, தூக்கிப் போட்டுருங்க. நான் கம்பெனியில இருந்து குவாலிட்டி செல்வலட்சுமி பேசுறேன். அது வேகல. வேகலன்னு தெரிஞ்சே நாந்தான் அனுப்பினேன். என் பேரை எழுதிக்கிடுங்க."

அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

*

ஐயாதுரையின் காரில்தான் போனார்கள். அவரே ஓட்டினார். பதிவை அச்செடுத்த காகிதமும் ஹார்டு டிஸ்க்கும் சத்யப்பிரியாவின் மடியில் இருந்தன. பின் சீட்டில் செல்வலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். 

மூன்று நாற்பத்தெட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்துக்குள் கார் நுழைந்தது. வேல்சாமியின் வக்கீல் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஐயாதுரையை இழுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். சிமெண்ட் பெஞ்சில், பெண் போலீஸுக்குப் பக்கத்தில், பாண்டிசெல்வி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு. கம்பெனிச் சட்டையை மாற்றக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

செல்வலட்சுமியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எக்கா! நீயும் வந்திட்டியா? எனக்குத் தெரியும், நீ வருவேன்னு." கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

சத்யப்பிரியா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். சுழி, கேள்விக்குறி, திறக்காத புரோகிராம். பாண்டிசெல்விக்குக் கண் நிறைந்தது.

"அப்போ எல்லாம் என்னாலதானாக்கா? நான் அதைப் போடாம இருந்தா..."

"போடாம இருந்தா, உன்னைக் காப்பாத்துற வரியே இப்ப இருந்திருக்காது. மாத்தியிருப்பாங்க."

"யாருக்கா?" பாண்டிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நான் பெயிலுன்னு தனியா வச்ச பேட்ச்சை யாரு எடுத்து அனுப்பினது?"

 ஆல்வின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாந்தாம்ட்டி," என்றாள் செல்வலட்சுமி.

பாண்டிசெல்வி அவளைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை உடனே விடவில்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தவள் போல, "என்னக்கா?" என்று மறுபடி கேட்டாள்.

"நாந்தான். லாரிக்காகப் பட்டனை அமுக்கினேன். பொறவு உன்னையப் புடிச்சிட்டுப் போறப்பயும் பேசாம நின்னேன்."

மெல்ல, விரல் விரலாக, பாண்டிசெல்வி தன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. செல்வலட்சுமிதான் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, படியேறி உள்ளே போனாள்.